புகார் ஏதும் இல்லை

என் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அதனால் காருக்குப் பெயின்ட் அடிக்கும் எங்கள் பட்டறையின் காற்று மாசு சுய தணிக்கைப் படிவத்தை, நான் சொல்லச் சொல்ல மனைவிதான் நிரப்பினாள்.

"ஃபில்டர் மாத்தியாச்சா?" இருமிக்கொண்டே கேட்டாள்.

"ஆச்சுன்னு எழுது."

"அக்கம்பக்கத்துல புகார்?"

"இல்லைன்னு போடு. மாடியில குடியிருக்கிற நமக்கே ஒண்ணும் ஆகலையே!"

அப்படியே எழுதினாள்.

மறுவாரம் அதிகாரி வந்தார்.

"புகாரே இல்லைங்கிறீங்க. எங்களுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கே?"

"எவன் சார் அவன்? காட்டுங்க, எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடறேன்!"

கடிதத்தை என் படிவத்துக்குப் பக்கத்தில் விரித்தார்.

இரண்டிலும் அதே முத்து முத்தான எழுத்து.

"சொல்லுங்க, யாரு?"

மாடியில் இருமல் கேட்டது.