தாலியைக் கழற்றியது யார்?

“நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறேன். என் பொண்டாட்டி தாலியை எவ கயட்டினது?”

வேம்புலி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

மருந்து மயக்கம் தெளிந்துகொண்டிருந்த தாட்சாயிணிக்கு அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருந்தது. காலையில் நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டு, மூச்சு முட்டிப்போனவளை ஆவடி வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். வேம்புலி இப்போதுதான் அம்பத்தூர் பட்டறையிலிருந்து வருகிறான்.

“இதயம் தப்பும் தவறுமா துடிச்சுதுங்க. கரண்ட் வெச்சுத்தான் சரிபண்ணோம்,” என்றாள் டாக்டர் அருள்செல்வி. “முதல்ல கரண்ட் தகடு ரெண்டையும் முன்பக்கமே வெச்சோம், அடங்கலை. மார்ல ஒண்ணு, முதுகுல ஒண்ணுன்னு மாத்தி வெச்சப்புறம்தான் நிதானத்துக்கு வந்தது. அந்த இடத்துல நகை கிடந்தா தோல் வெந்துடும்.”

“முதுகுல வேற வெச்சியா? மாட்டுக்குச் சூடு போடற மாரி! சாவக் கெடந்தாலும் என்னைக் கேட்டுத்தான் கயட்டணும்!”

“நீங்க வர்ற வரைக்கும் தாங்கியிருக்க மாட்டாங்க.”

“சிலுவை போட்டுக்கறவளுக்குத் தாலி அருமை இன்னா தெரியும்?”

அருள்செல்வியின் முகம் சிவந்துவிட்டது.

“அவரு கேக்கறது நியாயம்தானேம்மா? சுமங்கலி கழுத்தாச்சே,” என்று பக்கத்துக் கட்டில்காரி ஒத்து ஊதினாள்.

தாட்சாயிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலையணையில் கையை ஊன்றி எழுந்தாள்.

“யாரைய்யா ஏசறே? அவங்க வெவரம் சொல்லிக் கேட்டாங்க. நானேதான் கயட்டிக் குடுத்தேன்.”

நாலு பேர் பார்க்கிறார்களே என்று வேம்புலி குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“செரி, வுடு. நேரமே செரியில்ல. குடுங்க டாக்டரம்மா, என் கையாலயே கட்டிவுடறேன்.”

அருள்செல்வி பஞ்சுத் துணியில் சுற்றி வைத்திருந்த தாலியை நீட்டினாள். அவன் கை போவதற்குள் தாட்சாயிணி அதை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

“வாணாம். போன ஆடியில குடிச்சுட்டு வந்து நடுத்தெருவுல நீ அறுத்து எறிஞ்சப்போ, நானேதான் பொறுக்கியாந்து போட்டுக்கினேன். இப்பவும் நானே போட்டுக்கறேன்.”