தவறிய இடம்

அயல்நாட்டு மலைச்சாலை ஒன்றில், என் மகன் இளவழகன் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்த வளைவில், அவனோடு பயணம் போன நண்பர்கள் ஓராண்டு கழித்து ஒரு கல்லை நட்டார்கள். என்னையும் பின்னிருக்கையில் ஏற்றி அழைத்துவந்திருந்தார்கள். 'எங்கள் நண்பன் இளவழகன் தவறிய இடம்' என்று வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தார்கள்.

"பிழை இருக்கு," என்றேன்.

"இல்லப்பா, நாலு பேர்கிட்ட காட்டித்தான் எழுதினோம். ஒற்றுப்பிழைகூடக் கிடையாது," என்றான் குழுத்தலைவன் ஜெகதீஷ்.

"ஒற்று சரி. எழுவாய்தான் தவறு."

பின்னால் வருபவனின் விளக்கு கண்ணாடியில் தெரியாவிட்டால் முன்னால் செல்பவன் நிற்க வேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி. அன்று மழைக்கு முன் விடுதியை அடைந்து, தேநீர் அருந்தி, படமும் எடுத்துக்கொண்ட பிறகே ஒருவன் குறைவதைக் கண்டார்கள். விடியும்வரை அவனுக்கு உயிர் இருந்திருக்கிறது என்றார் மறுநாள் உடலைப் பார்த்த மருத்துவர்.

"செத்துட்டான்னு எழுத மனசு வரலப்பா. மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இழுத்தான் ஜெகதீஷ்.

"மரியாதை அவனுக்கா, உங்களுக்கா?" தூரிகையை எடுத்து அவனிடம் நீட்டினேன். "இளவழகனை நாங்கள் தவறவிட்ட இடம். எழுது."

ஜெகதீஷ் பெட்ரோலில் நனைத்த துணியால் பழைய வரியை அழித்தான். 'இளவழகனை' என்று எழுதினான். 'நாங்கள்' என்று எழுதினான்.

மற்றவர்கள் அதற்குள் தலைக்கவசங்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்றிலிருந்து குரல் வந்தது.

"நாங்கள்னு ஏன்டா எழுதுற? எனக்குப் பின்னாடியா அவன் வந்தான்?"