ஜெசிந்தாவின் முன்பல்

ஜெசிந்தாவின் முன்பல்லில் சீழ் கட்டி மேலுதடு வீங்கியிருந்தது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, பிறகு வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றிவிடலாம் என்றார் தூத்துக்குடிப் பல் மருத்துவர் மீனலோசனி. ஆனால் ஜெசிந்தாவின் பெயரில் அந்த மருந்தை எழுதக் கணினி விடவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், லட்சக்கணக்கான மல மாதிரிகளின் மரபணுக்களைப் படித்த கணினி, குறைமாதக் குழந்தைகளின் குடலைக் காக்கும் பாக்டீரியா இவள் வயிற்றில் மட்டும் இருப்பதாகக் கண்டுபிடித்தது. ஆய்வகத்தில் அது சில வாரங்களே உயிரோடிருக்கும். அதனால் மாதந்தோறும் அவள் புது மாதிரி கொடுக்கிறாள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து எதையும் சாப்பிடுவதில்லை என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு கடைவாய்ப் பற்கள் போய்விட்டன.

"அடுத்த வாரம் என் தங்கச்சி கல்யாணம். முப்பத்தாறு வயசுல பொக்கைவாயோட நிக்கப் போறியாட்டி? இந்தத் திட்டத்துலருந்து விலகிக்கிடுதேன்னு எழுதிக் குடு," என்றான் கணவன் ரொசாரியோ.

மருத்துவர் விலகல் படிவத்தைத் திரையில் திறந்தார். அதன் மேல் வரியில், அந்தப் பாக்டீரியாவைச் சொட்டு மருந்தாகக் குடித்துவரும் குழந்தைகளின் எண்ணிக்கை இருந்தது: 212. ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது 213 ஆனது.

"அதை மூடிருங்க டாக்டர். போட்டோவுல வாயை மூடிக்கிடுதேன். புடுங்கிருங்க."

"நாளைக்கு இவளுக்கு நிமோனியா வந்தா எதைப் புடுங்குவீங்க?" என்று கேட்டான் ரொசாரியோ.

மீனலோசனி மரப்பு ஊசியில் மருந்தை ஏற்றினார்.