கோபுரத்து அலை

“அந்தப் படம் காட்டுற அலைதான்யா எங்க வீட்டுல தொட்டில் ஆடாம பண்ணிருச்சு! கோபுரத்தை நீங்க பிடுங்குறீங்களா, நாங்க பிடுங்கவா?”

வேலாயி கோபுரத்துக் காவல் அறை வாசலில் நின்று கத்தினாள். தேயிலைக் கொழுந்துக் கூடைகளோடு, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் அவள் பின்னால் நின்றார்கள். மருமகள் பூரணி தலைகுனிந்திருந்தாள்.

மலை உச்சியில் நிற்கும் டெலிவிஷன் கோபுரத்தைக் கவனிக்க றோலண்ட் அன்றுதான் ஹட்டனிலிருந்து வந்திருந்தான்.

“அதால கேடு ஒண்ணும் வராதும்மா.”

“அப்ப ஒங்க பொண்டாட்டியைக் கொண்டாந்து இங்க குடி வைங்க, பார்ப்போம்! இவ வாக்கப்பட்டு வந்த வருசம்தான் அதை நட்டீங்க. பாவி நான், இவளை மலடின்னு ஏசி, மகனுக்கு லிந்துலையில வேற பொண்ணே பார்த்துட்டேன்.”

எங்கிருந்தோ வந்த கல்லில் ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. “நாளைக்கும் வருவோம்” என்று கூட்டம் இறங்கிப் போனது.

பூரணி மட்டும் நின்றாள்.

“நீங்களாவது கேளுங்கம்மா” என்றான் றோலண்ட். “கோபுரம் இன்னும் வேலையே செய்யலை. மெஷினே வந்து சேரலை. உச்சியில எரியிற சிவப்பு பல்புக்கு மட்டும்தான் கரண்டு. நாளைக்குப் பெரட்டுல, எல்லாரும் வேலைக்கு நிக்கிறப்ப, நானே சொல்லிடுறேன்.”

“தெரியும்ங்க. பழைய வாட்சர் சொன்னாரு. தெரிஞ்சுதான் அலைன்னு கதையைக் கெளப்பி விட்டேன். அப்புறந்தான் லிந்துலைப் பேச்சு நின்னுச்சு.”

அவள் கைகூப்பினாள்.

“கல்லெறி படுறது நீங்கதான். இருந்தாலும், அது ஓடலைன்னு மட்டும் எங்க மாமியாகிட்ட சொல்லிறாதீங்க ஐயா…”