ரெண்டு கையையும் காட்டு

"ரெண்டு கையையும் காட்டு" என்றாள் ராஜாத்தி.

ஐஸ் உடைக்கிற மெஷினுக்குள்ளிருந்து ஸ்பேனர் எடுக்க வெளியே வந்த வல்லரசுக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ரிப்பேருக்கு வந்த மெக்கானிக்கை இப்படியா சோதனை போடுவார்கள்? காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் திருட என்ன இருக்கிறது, ஐஸைத் தவிர!

"இன்னாக்கா, என்னப் பாத்தா திருடன் மாரி கீதா?"

"காட்டுறா."

காட்டினான். உள்ளங்கை, புறங்கை என்று பார்த்த பிறகுதான் வழிவிட்டாள்.

வந்ததும் வராததுமாக ஆரம்பித்த வம்பு இது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையில் இறங்கப் போனவனைத் தள்ளிவிட்டு வந்து, மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள். "அதான் ஆஃப் பண்ட்டேனேக்கா" என்றதற்கு, "வாய மூடிகினு வேலையப் பாரு" என்று பதில் வந்தது.

அவனாலும் திருப்பிப் பேச முடியாது. இந்த மாதத்தில் ஏற்கெனவே அவன்மேல் இரண்டு புகார். மூன்றாவது வந்தால் வேலை காலி என்று மேனேஜர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இந்த ஓனரம்மா கையெழுத்துப் போட்டால்தான் பிழைப்பு.

பல்லைக் கடித்துக்கொண்டு பேரிங்கை மாற்றினான். அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் பொன்னுரங்கம் டீ கொண்டுவந்தார். வலது தோளில் பெரிய துண்டு முழங்கால் வரைக்கும் தொங்க, கிளாஸை இடது கையால் நீட்டினார்.

இடக்கையால்! இதற்குப் பதிலாகக் கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம்.

"வாணாம்" என்றான். அவர் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

வாசலில் விசைப்படகுக்காரர்கள் ஐஸ் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். "போட்டு கெளம்பணும்க்கா! சுவிச்சப் போடு!" என்று ஒருவன் உள்ளேயே வந்துவிட்டான்.

"போர்டு கிட்ட எவனாவது வந்தீங்க, வெட்டிப் போட்ருவேன்!"

ஒருவழியாக வேலை முடிந்தது. "கட்டைய மாட்டி சுவிச்சப் போடுக்கா. ஓட்டிப் பாக்கலாம்."

"மொதல்ல வெளிய வா. ரெண்டு கையையும் காட்டு."

அவ்வளவுதான், வல்லரசு ஸ்பேனரைத் தூக்கி எறிந்தான். "புகார்தானே, குடுத்துக்கோ! வேலையும் வாணாம், ஒரு வெங்காயமும் வாணாம். அப்டி இன்னாதான் தேட்ற என் கையில?"

ராஜாத்தி முந்தானையை அவிழ்த்து, கட்டைகளை அவனிடம் நீட்டினாள்.

"நீயே மாட்டு. நீயே போடு."

"ஏன், நீ போட மாட்டியா?"

பொன்னுரங்கம் ஆறிப்போன டீயை எடுக்கக் குனிந்தார். தோளிலிருந்து துண்டு நழுவியது. வலது முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை.

"அவரும் உன்ன மாரி மெக்கானிக்குதான். இதே மெஷினு. கைய உள்ள வுட்டுகினு இருந்தாரு. இப்டித்தான் போட்டுக்காரனுங்க கத்திகினு இருந்தானுங்க" என்றாள் ராஜாத்தி.

வல்லரசு கட்டைகளை வாங்கிக்கொண்டான்.

"சுவிச்சப் போட்டது நான்தான்."