டெரியின் கண்கள்

கிழக்கு லண்டனில், இறுதிச்சடங்குகள் நடத்தும் ஒரு மலர்ச்சாலையின் பின்னறை. குழல்விளக்கின் வெளிறிய ஒளியில், சவப்பெட்டிக்குள் கிடக்கும் டெரியின் இமைகளுக்கு மேர்வின் வெள்ளிமினுக்குப் பூசுகிறார். எழுபதுகளில் இருவரும் முகத்தில் மினுக்குப் பூசி மேடையேறும் ஒரே கிளாம் ராக் இசைக்குழுவில் இருந்தவர்கள்; டெரி பாடினான், மேர்வின் கிற்றார் வாசித்தார். மேடையேறுமுன் அந்தக் கண்களை எழுதிவிடுவது எப்போதும் மேர்வின்தான். மண்டபங்கள் நிரம்பி வழிந்தது மூன்றே வருடம். பிறகு டெரி மதுக்கடை மூலைகளில், குடிப்பவர்களின் முதுகைப் பார்த்துப் பாடினான். அவனுடைய பெரிய பாட்டு இப்போது ஒரு சவர்க்கார விளம்பரத்தில் மட்டும் ஒலிக்கிறது. குளிர்ந்த தோலில் மினுக்கு ஒட்டாமல் காதோரம் உதிர்கிறது. "அப்பா, ஒட்டுதில்லை. நான் பூசட்டே?" என்கிறாள் மகள் டிலக்சனா. "வேண்டாம் பிள்ளை. வேற ஆரையும் அவன் முகத்தில தொட விடமாட்டான்." கதவைத் திறந்த ஊழியர், நாளைய இறுதிச்சடங்குப் பூசைக்கு எத்தனை நாற்காலி போடவேண்டும் என்று தணிந்த குரலில் கேட்கிறார். டிலக்சனா தகப்பனைப் பார்க்கிறாள். மேர்வின் நிமிரவில்லை. "ரெண்டு போட்டாக் காணும் எண்டு சொல்லு," என்கிறார். பிறகு தூரிகையை நனைத்து, மற்றக் கண்ணைத் தொடங்குகிறார்.