மரியாதையான தூரம்

கடவுளிடம் மரியாதையாகப் பழகத் தெரிந்த கத்தோலிக்கன் மயிலாப்பூர் வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். பேசி அவரைத் தொந்தரவு செய்வதில்லை. அதனால்தான் ஆராதனைச் சிற்றாலயத்தின் கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறேன். மணி இரண்டு ஐம்பது. மூன்று மணிக்குக் கணித அரியரின் ரிசல்ட் வருகிறது. மூன்றாவது முறை எழுதியது, இதுவும் போனால் கேம்பஸில் கிடைத்த வேலையும் போய்விடும். பீடத்தில், கதிர்ப்பாத்திரத்தின் கண்ணாடிக்குள், ஜன்னல் வெயில் பட்டு, கடவுளே என்று நாங்கள் வணங்கும் நற்கருணை அப்பம் வெள்ளையாக, அசையாமல் இருக்கிறது. முதல் பெஞ்சில் இட்லிக்கடை ஜெசிந்தா அக்கா காலை ஆட்டிக்கொண்டே அதனிடம் சத்தமாகப் பேசுகிறார். "இன்னா நைனா, கிரைண்டர் மறுபடியும் நின்னுபோச்சு, நீ பாட்டுக்குப் பாத்துக்கினு கீறியே?" சர்வ வல்லமையுள்ளவரிடம் கிரைண்டர் ரிப்பேர்! நான் முகம் சுளிக்கிறேன். அக்கா பையோடு எழுந்து, ஒரு முழங்காலை மடக்கி வணங்குகிறார். "பின்னாடி ஒரு புள்ள பேயறஞ்ச மாரி குந்திகினு கீது. அது வாயத் தொறக்காது, நீயே இன்னான்னு கேளு. இங்கயே இரு, மெக்கானிக்கப் பாத்துட்டு வந்துர்றேன்." கதவு மூடுகிறது. ஏசி முனகுகிறது. அப்பம் என்னைப் பார்க்கிறது. நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இரண்டு ஐம்பத்தெட்டு. கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அக்கா உட்கார்ந்த சூடு ஆறாத முதல் பெஞ்சில் போய் உட்கார்கிறேன். "நைனா," என்கிறேன் மெதுவாக, "அந்த கிரைண்டர அப்புறம் பாத்துக்கலாம்."